மேலே போ, கீழே வா

எங்கள் நினைவூட்டல் வாரியம் எட்டு மாடிக் கட்டடம். மற்ற அலுவலகங்கள் தங்கள் வேலையை மறந்துவிடாமல் இருக்க, "உங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது" என்று கடிதம் அனுப்புவதுதான் எங்கள் வேலை. அந்த வேலை என்னவென்று எங்களுக்குத் தெரியாது. கேட்பதும் மரியாதை இல்லை. பதில் வராவிட்டால் இன்னொரு கடிதம் போடுவோம். நாற்பது வருஷம் இப்படியே குறைவில்லாமல் ஓடியது.

அப்புறம்தான் 'துணை' வந்தது.

துணை ஒரு கைபேசிச் செயலி. அவரவர் வேலையை அவரவர் வரி வரியாக எழுதி வைக்க வேண்டும். அது நேரத்துக்கு டிங் என்று கூப்பிட்டு ஞாபகப்படுத்தும். அறிமுகக் கூட்டத்தில் இயக்குநர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக் காட்டினார்.

"வீட்டுக்கு வாழ்க்கைத் துணை, வேலைக்கு இந்தத் துணை. இதுல படம் கிடையாது, கலர் கிடையாது, எந்த ஆடம்பரமும் கிடையாது. வெறும் எழுத்து. ஒரு வரி, ஒரு வேலை. அவ்வளவுதான். குழந்தைகூட புரிஞ்சுக்கும்."

அந்த எளிமையை விளக்கி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று வீதம் முந்நூறு அச்சடிக்கச் சொன்னதில் சுழி ஒன்று கூடி மூவாயிரம் வந்து இறங்கியது. மிச்சத்தைக் கீழ்த்தளத்தில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்தோம்.

விதிகள் இவைதான். வரி ஓரத்தை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறியோடு தொடங்க வேண்டும். அடுத்து மூன்று சொற்களில் ஒன்று வர வேண்டும். வேலை பாக்கி என்றால் 'செய்'. மேலிடத்துக்காகக் காத்திருந்தால் 'பொறு'. ஆகிவிட்டால் 'முடி'. நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரே ஒரு இடைவெளி விழுந்தாலும் போச்சு, அது வேலை இல்லை, மேல் வரியின் குறிப்பு. மேல் வரி முடிந்தால் குறிப்பும் முடிந்ததாகக் கணக்கு. இரண்டும் சேர்ந்து காப்பகத்துக்குப் போய்விடும். காப்பகத்துக்குப் போனது எதுவும் திரும்பி வராது.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது வரி விதித்தார்கள். அரசாங்கம்கூட இத்தனை வரி போட்டதில்லை. நாற்பது வேலைக்கு எங்கே போவது? நான்காவது மாடி எழுத்தர் ஒருவர் '* செய் மூச்சை இழு', '* செய் மூச்சை விடு' என்று எழுத ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் ஆயிரத்து அறுநூறு வேலை முடித்தவர் என்று அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். வாங்க வரும்போது அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார், அதையும் எழுதிக்கொண்டார்.

நான் யார் என்று சொல்லவில்லையே. ஆறாவது மாடியில் வரி சரிபார்ப்பவன். எல்லோருடைய வரிகளும் என் திரையில் ஓடும். தவறு இருந்தால் கண்டுபிடிப்பேன். கண்டுபிடிப்பதோடு சரி. திருத்த வேண்டுமென்றால் 'திருத்து' என்று எனக்கு ஒரு வரி வரவேண்டும். இதுவரை வந்ததில்லை.

எங்கள் கட்டடத்தில் உண்மையிலேயே வேலை என்று ஒன்று இருந்தது இரண்டே பேருக்குத்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்கும், லிஃப்ட்டை ஓட்டிய அவர் மனைவிக்கும். அவர் எட்டாவது மாடிக்கு மேலே இயந்திர அறையில் இருப்பார். அந்தம்மா லிஃப்ட்டுக்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கம்பிக் கதவை இழுத்துச் சாத்துவார். நாங்கள் எல்லோரும் லிஃப்ட்டக்கா என்போம். மதியம் ஒரே டிபன் பாக்ஸைப் பிரித்து இயந்திர அறையில் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். இருபது வருஷமாக அக்கா வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை, அண்ணன் வாய் திறந்தும் பார்த்ததில்லை.

அக்காவுக்குச் சிறப்புப் பட்டியல். '* செய் மேலே போ' அறுபது, '* செய் கீழே வா' அறுபது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நூற்றிருபதையும் சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை லிஃப்ட் மாடிக்கு நேராக நிற்காமல் ஒரு முழம் தள்ளி நின்றது. மெக்கானிக் மேலே போய்ப் பார்த்தார். மோட்டாரை இறுகப் பிடித்து நிறுத்துகிற பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு பல்லைக் காட்டியது. இறங்கி வந்து ஒழுங்காகத் துணையில் எழுதினார், '* செய் பிரேக் கட்டை மாற்று, அவசரம்' என்று. அதில்தான் வந்தது வினை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், எதை எழுத ஆரம்பித்தாலும் ஒரு விரல் இடம் விட்டு எழுது என்று முட்டியில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவசர வேலையாயிற்றே, மரியாதையாக எழுதுவோம் என்று மனிதர் ஒரு விரல் இடம் விட்டு எழுதினார்.

அதற்கு மேல் வரி, '* செய் இயக்குநர் அறைக் கடிகாரத்துக்கு பேட்டரி போடு'. பேட்டரியைப் போட்டார், 'முடி' என்று மாற்றினார். பேட்டரியும் பிரேக் கட்டையும் கைகோத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போயின. என் திரையில்தான் போயின. அந்த இடைவெளியை நான் பார்த்தேன்.

மறுநாள் அவர் கிடங்குக்குப் போய்ப் புதுக் கட்டை கேட்டார். கிடங்குக்காரர் கைபேசியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்தியாச்சுன்னு இருக்கே அண்ணே."

"மாத்தலப்பா. கட்டை இங்க உன்கிட்டதான இருக்கு? அதோ அலமாரியில தெரியுதே."

"தெரியுது. ஆனா துணையில அது லிஃப்ட்டுல இருக்கு. ரெண்டு இடத்துல ஒரு கட்டை எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க."

புதிதாக ஒரு வரி எழுதிப் பார்த்தார். 'இந்த வேலை முன்பே முடிந்தது. தங்கள் நினைவாற்றலைப் பேணுக' என்று துணை பதில் சொன்னது.

வேறு வழியில்லாமல் இயக்குநரைப் பார்க்கப் போனார். வரி பற்றிய விவகாரம் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"மாத்தியாச்சுன்னு துணை சொல்லுதே?" என்றார் இயக்குநர்.

"துணை மேல ஏறிப் பாக்கலீங்க. நான் பாத்தேன்."

"நீங்க ஒரு ஆள். துணையில முந்நூறு பேர் எழுதறாங்க. நான் யாரை நம்பறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அந்த வரியில தப்பு இருந்துச்சா?"

"முன்னாடி ஒரு இடைவெளி இருந்துச்சு சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"அப்ப உங்க வேலை சரியா நடந்திருக்கு. எந்தக் குறையும் இல்ல." மறுபடி மெக்கானிக்கிடம், "சரி, அந்தக் கட்டை பிடிக்கலைன்னா என்ன ஆகும்? லிஃப்ட் கீழ விழுந்துடுமா?" என்று கேட்டார்.

"விழாதுங்க. கயிறு கெட்டியா இருக்கு. ஆனா கயித்தோட மறுமுனையில எதிர் எடை தொங்குது. ஆளுங்க நிறைய ஏறினா லிஃப்ட் கனம், கீழ இழுக்கும். காலியா இருந்தா எதிர் எடைதான் கனம். அது கீழ வரும், லிஃப்ட் மேல பாஞ்சு உச்சியில மோதும். உள்ள என் சம்சாரம் இருக்காங்க."

அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டது அன்றுதான். இயக்குநர் முகம் மலர்ந்தது.

"அப்ப மேலதானே போகும்! இந்த வாரியமே மேல போகணும்னுதான் நாம ராப்பகலா பாடுபடறோம். மேல போறதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?"

சுற்றி இருந்த அதிகாரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இடைவெளி ஆய்வுக் குழு என்று ஒன்று அமைத்து, இருபத்தொரு நாள் கழித்துக் கூட்டம் என்று தேதி குறித்து, மெக்கானிக்குக்கு 'பொறு' என்று ஒரு புது வரி போட்டார்கள். அன்று முதல் அவர் கைபேசி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் 'பொறு, பொறு' என்று காட்டிக்கொண்டே இருந்தது.

அவர் பொறுக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சிவப்புப் பெயிண்டில் 'லிஃப்ட் ஓடாது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். அரை மணி நேரத்தில் ஒழுங்கு அலுவலர் வந்து அட்டையைக் கழற்றினார். எளிய எழுத்தில் இல்லாத அறிவிப்பு செல்லாதாம், சிவப்பு ஆடம்பரமாம். சுவிட்சைப் போட்டு, இயந்திர அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்து மெக்கானிக் மாடி மாடியாகப் போய் ஒவ்வொரு மேஜை முன்னும் நின்று, "லிஃப்ட்டுல ஏறாதீங்க, தயவு பண்ணி ஏறாதீங்க" என்று கும்பிட்டார். வாரியத்தில் அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஆனால் ஒருவரும் ஏறவும் இல்லை. எனக்கு மூட்டு வலி, இருந்தாலும் ஆறு மாடி படியேறினேன். இயக்குநர் '* செய் படியேறு, உடல்நலத்துக்காக' என்று தனக்கு ஒரு வரி எழுதிக்கொண்டார்.

லிஃப்ட் காலியாக ஓடிற்று. அதற்குள் அக்கா மட்டும் இருந்தார். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டது மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறாவது மாடியில் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் அக்காவிடம் மன்றாடினார். நான் தண்ணீர் பிடிக்க வந்தவன் நின்று கேட்டேன்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடும்மா."

"லீவுக்கு ஒரு வாரம் முன்னாடி வரி எழுதணுமாம். எழுதிட்டேன். அடுத்த புதன்கிழமை எனக்குத் தலைவலி."

"விளையாடாத. அது பிடிக்காதுடி."

"இருபது வருஷமா பிடிச்ச கட்டை இப்ப மட்டும் பிடிக்காதா?"

"நான் பிரேக் கட்டையச் சொல்றேன்."

"நான் உங்களச் சொல்றேன்." அக்கா சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணு நாள் வரி பாக்கி வச்சா என்னைக் காப்பகத்துக்கு மாத்திடுவாங்களாம். அங்க ஜன்னல்கூட கிடையாது, பேச ஒரு ஆள் கிடையாது. நான் பேசாம எப்படிங்க இருக்கறது?"

"ஒருத்தரும் ஏறல. காலி லிஃப்ட்ட யாருக்காக ஓட்டற?"

"துணைக்குத்தான். யாராவது ஏறினாங்களான்னா அது கேக்குது? போன்னுதான் சொல்லுது." கைபேசி டிங் என்றது. "விடுங்க கதவை. முப்பத்தேழாவது."

அன்று மத்தியானம் மெக்கானிக்குக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று இப்போதும் சொல்வேன். கீழ்த்தளத்தில் கிடந்த கையேட்டுக் கட்டுகளைத் தோளில் சுமந்து வந்து லிஃப்ட்டுக்குள் அடுக்கினார். நூற்றைம்பது கட்டு வைத்ததும் லிஃப்ட்டும் எதிர் எடையும் சமமாயின. பிரேக் பிடிக்காவிட்டாலும் லிஃப்ட் பாயாது. அக்கா ஒரு கட்டின் மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு, "இத்தனை நாள்ல இந்தப் புத்தகத்தால ஒரு உபயோகம்" என்றார். மூன்று நாள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

நான்காம் நாள் ஒழுங்கு அலுவலர் பார்த்துவிட்டார். கையேட்டின் மேல் காலா? அவருக்குக் கண் சிவந்துவிட்டது. நான்கு பேரை வைத்துக் கட்டுகளை வெளியே எடுத்துப் போட்டார். விளக்கம் எழுதித் தரச் சொல்லி மெக்கானிக்கைக் கீழ்த்தளத்து அறையில் உட்கார வைத்தார்.

"மொதல்ல லிஃப்ட்ட நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் எத்தனை பக்கம் வேணும்னாலும் எழுதித் தரேன்," என்று மெக்கானிக் கத்தினாராம்.

"மொதல்ல எழுதுங்க. ஒரு வரி, ஒரு வேலை," என்றாராம் ஒழுங்கு அலுவலர்.

மூன்று நாற்பதுக்கு அக்கா ஐம்பத்து மூன்றாவது தடவை மேலே போனார். ஆறாவது மாடியைத் தாண்டும்போது கம்பிக் கதவுக்குப் பின்னால் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தேன். லிஃப்ட் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. கட்டடம் ஒரு தரம் அதிர்ந்தது, கூரைக் காரை என் மேஜையில் உதிர்ந்தது. இயக்குநர் அறைக் கடிகாரம் நிற்கவில்லை. அதற்குப் புது பேட்டரி.

இரங்கல் கூட்டம் மறுநாள் பதினொரு மணிக்கு. எல்லோருக்கும் '* செய் மௌன அஞ்சலி, 2 நிமிடம்' என்று வரி வந்திருந்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார்.

"ஒரு விஷயத்தை எல்லாரும் கவனிக்கணும். லிஃப்ட் கீழ விழல. இந்த வாரியத்தோட வரலாற்றிலேயே எதுவும் கீழ விழுந்ததில்ல. அந்தம்மா கடைசி நிமிஷம் வரைக்கும் பட்டியல்ல இருந்தாங்க. ஐம்பத்து மூணாவது வரியை நடத்திட்டு இருக்கும்போதே மேல போயிட்டாங்க. இதைவிட ஒரு ஊழியருக்கு என்ன பெருமை வேணும்? துணை மேல எந்தத் தப்பும் இல்லன்னு எனக்குத் துணையே அறிக்கை கொடுத்திருக்கு."

எழுந்து நின்றோம். முந்நூறு கைபேசியும் அஞ்சலியை ஞாபகப்படுத்தி ஒரே நேரத்தில் டிங் என்றன. ஒரு நிமிடம் நாற்பது நொடியில் யாரோ அவசரப்பட்டு 'முடி' என்று மாற்றிவிட்டதால் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். முன்வரிசையில் மெக்கானிக் சட்டைப் பையில் மட்டும் ஒரு கைபேசி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அது அக்காவுடையது. '* செய் மேலே போ' என்றது. தாமதம், பத்தொன்பது மணி நேரம்.

உடலைத் தர ஆஸ்பத்திரியில் வாரியத்தின் கடிதம் கேட்டார்கள். கடிதம் கொடுக்க ஒழுங்கு அலுவலர் பட்டியலைக் கேட்டார். பட்டியலில் 'செய்' என்று ஒரு வரி இருந்தாலும் அந்த ஊழியர் இன்னும் பணியில் இருக்கிறார், பணியில் இருப்பவரின் உடலை எப்படி வெளியே விடுவது? தொடங்காத வரிகளை அழிக்கும்படி எனக்கு வரி வந்தது. என் உத்தியோகத்தில் பிறர் வரியில் கை வைக்கச் சொல்லி எனக்கு வந்த முதல் வரி. அழித்தேன். தொடங்கிய வரியை மட்டும் யாராலும் அழிக்க முடியாது, அந்தக் கைபேசியில்தான் முடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை மெக்கானிக் என் மேஜைக்கு வந்தார். அவர் கண்ணைப் பார்க்க எனக்கு வக்கில்லை. கைபேசியை என் முன்னால் வைத்தார். மூலையில் கண்ணாடி உடைந்திருந்தது.

"இதுல என்னப்பா பண்ணணும்?"

"செய்னு இருக்கறத முடினு மாத்தணும் அண்ணே. மாத்தினா கடிதம் குடுத்துடுவாங்க."

வரியை வாய்விட்டுப் படித்தார். "மேலே போ." உடைந்த மூலையை விரலால் தடவினார். "போயிட்டால்ல?"

"ஆமாண்ணே."

கிரீஸ் படிந்த கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழித்து, 'முடி' என்று அடித்தார். திரை பூ போல விரிந்தது. 'பாராட்டுகள்! உங்கள் எல்லா வேலைகளும் முடிந்தன. அன்புடன், துணை.'

முடிந்ததும் கொடுக்கச் சொல்லி ஒழுங்கு அலுவலர் தந்திருந்த கடிதத்தை எடுக்க எழுந்தேன். அவர் கைபேசியை விடவில்லை.

"இதுக்கு அடுத்து 'கீழே வா' இருக்கணுமே. எங்க?"

"அதை அழிச்சாச்சுண்ணே."

"யாரு?"

"நான்தான்."

அவர் குனிந்து மெதுவாக எதையோ அடித்தார். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டு, படியில் இறங்கிப் போனார்.

என் திரையில் அந்த வரி வந்தது. '* செய் கீழே வா' என்று இருந்தது. முன்னால் ஒரு விரல் இடம் விட்டிருந்தது. விதிப்படி அது வேலை இல்லை, மேல் வரியின் குறிப்பு. மேல் வரி முடிந்துவிட்டதால் அதுவும் முடிந்தது. இரண்டும் சேர்ந்து காப்பகத்துக்குப் போவதைப் பார்த்து, சரி என்று குறித்துக்கொண்டேன்.